எத்தனை லிட்டர் ஃபிரிட்ஜ் வாங்குவது

ரங்கநாதர் துணை.

என் கண்ணு,

நீ அனுப்பிய டிராஃப்ட் வந்தது. ஃபிரிட்ஜும் வாங்கியாகிவிட்டது. நேற்றுக் காலையில் மினி லாரியில் வந்து இறங்கியது. கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முதலில் ஒரு சொம்புப் பாலை உள்ளே வைத்தேன். ஆனால் நீ சொன்ன ஃபிரிட்ஜை நான் வாங்கவில்லை. முந்நூறு லிட்டருக்குக் குறையவே கூடாது என்று சொல்லியிருந்தாய். ஏன் வாங்கவில்லை என்பதை ஃபோனில் சொல்ல வராது. மூன்று நிமிடம் ஆனதும் "சரிங்கம்மா, ஒடம்பப் பாத்துக்குங்க" என்பாய். நானும் "சரி கண்ணு" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் இந்தக் காகிதம். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி. சுமதியும் பக்கத்தில் இருந்து படிக்கட்டும், அவளுக்கு வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது.

முதலில் ஒரு பொய்யைச் சரிசெய்ய வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் வயசாகித்தான் நின்றுபோனது என்று உன்னிடம் சொன்னேன். அது தானாக நிற்கவில்லை. நான்தான் கத்தியால் குத்தி ஓட்டை போட்டேன்.

போன தைப்பொங்கலுக்கு நீயும் சுமதியும் பேத்தியும் வருவதாக இருந்தது. கடலைப்பருப்பு வேகவைத்து, வெல்லம் போட்டு, நாற்பது ஒப்புட்டுத் தட்டினேன். கம்பெனியில் லீவு தரவில்லை என்று நீ பரோடாவில் இருந்து ஃபோன் செய்தபோது, கடைசி ஈடு தோசைக்கல்லில் இருந்தது. அக்கம்பக்கம் கொடுத்தது போக ஒரு டஜனை அலுமினிய டப்பாவில் அடுக்கி, மேலே ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். சித்திரையில் கண்டிப்பாக வருகிறோம் என்றாய். பிறகு ஆடிப்பதினெட்டு என்றாய். நான் டப்பாவை எடுக்கவே இல்லை. ஐஸில் இருப்பது கெடாது என்று நினைத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜை அணைத்து ஐஸை உருகவிடுவேனே, அதையும் நிறுத்திவிட்டேன். உருகவிட்டால் ஒப்புட்டும் உருகிவிடும் அல்லவா. கரண்ட் போய் வரும்போதெல்லாம் டப்பா கெட்டியாக இருக்கிறதா என்று திறந்து தொட்டுப் பார்ப்பேன். ஏழு மாதத்தில் ஐஸ் சுற்றிலும் சுவராக எழும்பிவிட்டது. ஐஸ் பெட்டியின் குட்டிக் கதவு சாத்தவே மாட்டேன் என்றது.

ஆவணி முதல் சனிக்கிழமை, விரதம் முடித்து, டப்பாவைப் பெயர்த்து எடுத்துவிடலாம் என்று காய் நறுக்கும் கத்தியால் ஐஸைக் கொத்தினேன். நாலாவது கொத்தில் 'உஸ்' என்று பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். பெருவிரலை வைத்து அழுத்தினேன். விரல் விறைத்துப் போயிற்று, விடாமல் நின்றேன். எவ்வளவு நேரம்தான் நிற்பது, கூப்பிட வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிறகு சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை எடுத்து அந்த ஓட்டையில் அப்பினேன். சிரிக்காதே. அன்றைக்கு அதுதான் தோன்றியது.

மறுநாள் மெக்கானிக் சலீம் பாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். உங்கப்பா இருந்த காலத்திலிருந்து நம் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்ப்பவர். உள்ளே எட்டிப் பார்த்தார், மாவைக் கிள்ளி எடுத்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதுக்குப் பசிக்குமுன்னு ஊட்டி உட்டீங்களா?"

"கேலி போதுங்க பாய். அடைக்க முடியுமா, முடியாதா?"

"கேஸ் பூராவும் போயிருச்சுங்க. அலுமினியத் தகடு. ஒட்டுப் போட்டாலும் ஆறு மாசத்துல மறுபடி உட்டுரும். எத்தன ஊட்ல பாத்துட்டேன். கத்தி எடுத்த கை மறுபடியும் கத்தி எடுக்கும். ஐஸே கட்டாத ஃபிரிட்ஜ் இப்ப வருது, அத வாங்கிப்போடுங்க." சொல்லிவிட்டு ஐஸ் சுவரை விரலால் அளந்தார். "ஒரு ஆள் இருக்கற ஊட்ல இத்தன ஐஸ் கட்டாதுங்களே? கதவு ரப்பரும் நல்லாத்தான் இருக்குது. கதவ யாரு இத்தனவாட்டி தொறக்கறது?"

நான் காபி போடப் போய்விட்டேன்.

அவர் போனபின் டப்பாவைத் திறந்தேன். பன்னிரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றை நெய் விட்டுச் சுட்டுத் தின்றுபார்த்தேன். வெல்லமும் இல்லை, ஏலக்காயும் இல்லை, வெறும் குளிர்ச்சியின் ருசி. மீதியைப் பால்காரர் மாட்டுக்குக் கழுநீரில் போட்டுவிட்டேன்.

உனக்கு ஃபோன் செய்தேன். "பெருசா, டபுள் டோரா வாங்கிப்போடுங்கம்மா. அடுத்த வருசம் மாத்தல் வாங்கீட்டு நாங்களும் அங்கியே வந்தர்றோம், அப்ப சின்னது பத்தாது" என்றாய். டிராஃப்டும் பின்னாடியே வந்தது. எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. காந்திபுரத்துக்கு டவுன் பஸ் ஏறிப் போனேன். கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய கடை. கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரர் வந்தார்.

"வாங்கம்மா. வீட்ல எத்தன பேருங்க?"

"நாலு பேருங்க" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

அவர் முந்நூற்றுப் பத்து லிட்டர் ஒன்றைத் திறந்து காட்டினார். ஐஸ் கட்டாத ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். உள்ளே ஒரு விசிறி சுற்றிக் குளிர்காற்றை எங்கும் அனுப்புமாம். ஒளிந்திருக்கும் குழாயில் படியும் ஐஸை, அவ்வப்போது ஒரு சின்ன ஹீட்டர் தானாகவே உருக்கிவிடுமாம். அந்தத் தண்ணீர் பின்னால் ஒரு தட்டில் விழுந்து, மோட்டார் சூட்டில் ஆவியாகிப் போய்விடுமாம். "நீங்க எதுவுமே செய்ய வேண்டாங்கம்மா" என்றார். விசிறிக்கும் ஹீட்டருக்கும் கரண்ட் யார் கொடுப்பது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ரொம்பக் கம்மிங்க" என்றார். கம்மி என்றால் எத்தனை யூனிட் என்றேன். சிரித்துவிட்டு எனக்கு ஒரு கலர் டிரிங்க் வரவழைத்துக் கொடுத்தார்.

கம்மி என்கிற வார்த்தையை நான் நோட்டில் எப்படி எழுதுவது? உனக்குத்தான் தெரியுமே, மாதம் ஒன்றாம் தேதி மீட்டரைப் பார்த்து எழுதிவைப்பவள் நான். பக்கத்து வீட்டுக் கோகிலாவிடம் இதே முந்நூற்றுப் பத்து லிட்டர் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் போவதாக இருந்தார்கள். "ஃபிரிட்ஜத் தவிர எல்லா சுவிட்சையும் அணைச்சுப்போட்டுப் போ அம்மணி, மீட்டர நான் பாத்துக்கறேன்" என்றேன். "ஏனுங்க அத்த, எங்க ஊட்டுக் கரண்டுக்கும் நீங்கதான் கணக்குப்பிள்ளையா?" என்று சிரித்துக்கொண்டே போனாள். வீடு பூட்டியிருக்க, கதவை யாரும் திறக்காமல், இரண்டு நாளில் ஆறு யூனிட் ஓடியிருந்தது. நாம் காரமடைத் தேருக்குப் போய் இரண்டு நாள் தங்கியபோது நம் பழைய ஃபிரிட்ஜ் தின்றது மூன்று யூனிட் என்று என் நோட்டில் இருந்தது. பாதிக்குப் பாதி. சலீம் பாயிடம் சொன்னேன். "பெரிய பொட்டி, அதுல விசிறி, ஹீட்டரு வேற. திங்கத்தாங்க செய்யும். பொட்டிக்குப் பின்னால ஒரு தகடு இருக்கும், அதுல வாட்ஸ் போட்டிருப்பான். அதப் பாத்து வாங்குங்க. ஆளுக்குத் தக்கன பொட்டியா இருக்கோணும். காலிப் பொட்டியக் குளிர வெச்சுட்டு இருந்தீங்கன்னா கரண்டுதான் தண்டம்" என்றார்.

ஆளுக்குத் தக்கன. இந்த இடத்தில்தான் நான் குழம்பிப்போனேன். நீ வருவதாக இருந்தால் பெரியது வேண்டும், வராவிட்டால் வேண்டாம். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூவாக்குக் கேட்டேன்! பூவை இரண்டு பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார்; வெள்ளைப் பூ வந்தால் பெரியது, சிவப்பு அரளி வந்தால் சின்னது. பூசாரி, "என்ன காரியங்க அம்மணி?" என்று கேட்டார். அம்மன் முன்னால் நின்று ஃபிரிட்ஜ் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு நல்ல காரியந்தானுங்க" என்றேன். அவர் ஏதோ சம்பந்தம் பேசப் போகிறோம் என்று நினைத்து, சத்தமாக வேண்டிக்கொண்டு, பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். வெள்ளைப் பூ. பிரகாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நீ வருகிறாய் என்று அம்மனே சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் சுமதி ஃபோன் செய்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள்மேல் எள்ளளவும் தப்பில்லை, நீ என்னிடம் சொல்லிவிட்டாய் என்றே நினைத்திருக்கிறாள். "அத்த, நீங்க மீட்டரெல்லாம் பாத்து வெச்சிருக்கீங்களாம்ல? எதுல கரண்டு கம்மின்னு எனக்கும் சொல்லுங்க. தீவாளிக்கு முன்ன ஃபிளாட்டு சாவி குடுத்துருவாங்க, புது ஊட்டுச் சமையக்கட்டுக்கு நாங்களும் ஒண்ணு பாக்கோணும்" என்றாள்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி சுவர்க் காலண்டரில் தீபாவளி எப்போது என்று தேடினேன். அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. "அத்த... அத்த, இருக்கீங்களா?" என்றாள். "இருக்கறேன் அம்மணி. நல்லா விசாரிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

பரோடாவில் சொந்தமாக ஃபிளாட் வாங்குகிறவன் கோயமுத்தூருக்கு மாற்றல் கேட்கமாட்டான். இது எனக்குப் புரிவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. அடுத்த நான்கு நாள் நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பழைய ஃபிரிட்ஜ் செத்துக் கிடந்ததால் வீட்டில் அந்த உர்ரென்ற சத்தமும் இல்லை. உங்கப்பா போனபிறகு வீட்டில் என்னைத் தவிர மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. சோறு வடித்தால் ஒருவேளைக்கு மிஞ்சுகிறது, வடிக்காவிட்டால் பசிக்கிறது. கோகிலா வந்து கதவைத் தட்டி, "காச்சலா அத்த?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். அதுவும் பொய்.

உன்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதமாட்டேன். ஆனால் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் கோபம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பழசெல்லாம் ஞாபகம் வந்தது. நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது உங்கப்பா மில் போனஸில் அந்த ஃபிரிட்ஜை வாங்கி வந்தார். தெருவிலேயே முதல் ஃபிரிட்ஜ், முன்னறையில் வைத்தோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஐஸ் கட்டிகளை எடுத்து, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுப்பாய். கதவைத் திறந்தபடியே விட்டுவிடுவாய். ஒரு நாள் நான் அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உங்கப்பா, "கொழந்த கையில எடுக்கறதுக்குத்தான வாங்குனது?" என்றார். "உங்களுக்கென்னங்க, கரண்டு பில்லு நாந்தான கட்டறேன்" என்றேன். நீ ஒருமுறை "ஐஸ்" என்று கேட்டாய். நான் "அப்பறம்" என்றேன். அதன்பிறகு நீ கேட்கவே இல்லை. பையன் எவ்வளவு சமர்த்து என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். வேண்டியதைக் கேட்காமல் இருக்க நானே உன்னைப் பழக்கினேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உங்கப்பா காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரிக்கும்போது, நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அம்மா, ஊட்டப் பூட்டிப்போட்டு எங்ககூட வந்துருங்க" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "நானெதுக்குக் கண்ணு பாஷ தெரியாத ஊருக்கு? நீ மாத்தல் வாங்கீட்டு இங்க வா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு "சரிங்கம்மா" என்றாய். ஐந்து வருஷமாக நீ சொல்லும் 'மாற்றல்' அன்றைக்கு என் வாயிலிருந்துதான் கிளம்பியது. நான் கேட்டதைத்தான் நீ எனக்குத் திருப்பித் திருப்பிக் கொடுத்துவந்திருக்கிறாய். ஒவ்வொரு ஃபோனிலும் நான் "எப்ப கண்ணு வாரே?" என்று கேட்கிறேன், நீ என்னதான் செய்வாய்? சுமதிக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. பேத்திக்கு அங்கே சிநேகிதிகள். அவள் குஜராத்தியில் சண்டை போடுகிறாள் என்று நீதான் சொன்னாய். சண்டை போடும் மொழி எதுவோ அதுதான் ஒருவரின் ஊர்.

ஐந்தாம் நாள் குளித்து, மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூவைக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்துவிட்டாயே தாயே என்று கேட்கத்தான் போனேன். ஆனால் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது: அம்மன் பொய் சொல்லவில்லை, நான்தான் கேள்வியில் ஏமாற்றினேன். 'என் மகன் வருவானா' என்று கேட்கப் பயந்துகொண்டு, ஃபிரிட்ஜைச் சாக்காக வைத்துக் கேட்டேன். பூசாரிக்கும் பொய், கடைக்காரருக்கும் பொய், கோகிலாவுக்கும் பொய். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பூவைச் சொல்லவைத்தால் பூ என்ன செய்யும்? கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேராகப் பஸ் ஏறினேன்.

கடையில் அதே விற்பனைக்காரர். "முந்நூத்திப் பத்து லிட்டர் எடுத்து வைக்கச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க. வீட்ல நான் ஒருத்திதான். ஒருத்திக்கு எது போதுமோ அதக் காட்டுங்க."

"அன்னைக்கு நாலு பேருன்னு சொன்னீங்களேம்மா?"

"தப்பாச் சொல்லிப்போட்டனுங்க."

அதற்குமேல் அவர் துருவவில்லை. அதற்கு அவருக்குப் புண்ணியம். இருநூற்றிருபது லிட்டர் ஒன்றைக் காட்டினார், ஐஸ் கட்டாத வகையில் அவர்களிடம் இருப்பதிலேயே சின்னது. நான் அதன் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து தகட்டைப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உன் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. பெரியதைவிட வாட்ஸ் நன்றாகவே குறைவு. நேற்று வந்ததிலிருந்து மீட்டரைக் குறித்துவருகிறேன். விளக்குக்கும் மற்றதற்கும் ஆவதைக் கழித்தால், முதல் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்குள்தான் ஓடியிருக்கிறது. பழையதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் என் கையில் கத்தி இருக்காது.

சுமதிக்கு: உங்கள் புது வீட்டுக்கு நீங்கள் மூன்று பேர், நண்பர்களும் வருவார்கள். அதற்கு இருநூற்றைம்பது, முந்நூறுக்குள் போதும். அதற்குமேல் வாங்கினால் காலி இடத்துக்குத்தான் கரண்ட் கட்டவேண்டும். கடைக்காரர் வாய்ப் பேச்சைக் கேட்காதே, பின்னால் தகட்டைப் பார். சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் ஒரு சாண் விடு. அடுப்புக்கும் வெயில் விழும் ஜன்னலுக்கும் பக்கத்தில் வேண்டாம். சூடாக எதையும் உள்ளே வைக்காதே. விசிறிக் காற்றில் கறிவேப்பிலை, கீரை எல்லாம் ஒரே நாளில் சருகாகிவிடுகிறது, மூடியுள்ள டப்பாவில் போட்டு வை. பேத்தி ஐஸ் எடுத்துச் சிநேகிதிகளுக்குக் கொடுத்தால் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுங்கள். என்னைக் கூப்பிட்டால் வருவேன். டிக்கெட் போட்டு அனுப்பினால் ரயிலில் தனியாகவே வந்துவிடுவேன், பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்புவேன். அந்தப் பத்து நாளுக்குப் பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை.

கண்ணு, உனக்கு நான் சொல்வது இதுதான். இனி என்னிடம் மாற்றல் என்று சொல்லாதே. நான் கேட்கவும் மாட்டேன், கேட்க வாய் வந்தாலும் அடக்கிக்கொள்வேன். தனியாக இருக்கிறேன் என்பது உண்மை. சாயங்காலம் விளக்கு வைத்தபிறகு ஒரு மணி நேரம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் தனியாக இருப்பதைவிட, வாசல்பக்கம் காதை வைத்துக்கொண்டு இருப்பதுதான் எனக்கு முடியவில்லை. எப்போது வருவதாக இருந்தாலும் தேதி போட்டு எழுது. ஐந்து நாள் என்றால் ஐந்து நாள் என்றே எழுது, இரண்டு நாள் என்றாலும் சரி. மூன்று பேர் ஐந்து நாள் தங்கினால் எவ்வளவு அரிசி ஊறவைத்து மாவு ஆட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். 'சீக்கிரம் வருகிறோம்' என்பதற்கு எவ்வளவு ஊறவைப்பது என்றுதான் இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

அம்மா